காலையில் வரும் முதல் தண்ணீரில் சாக்கடை வாடை: டிடிஎஸ் சரியாக இருந்தால் குடிக்கலாமா?

மூன்றாம்மாடி கேட்டது:

12 வீடுள்ள அடுக்ககம். தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தண்ணீர் திறக்கிறார்கள். அது 20,000 லிட்டர் சம்ப்பில் (தரைக்கு அடியிலுள்ள தொட்டி) விழுந்து மாடித் தொட்டிக்கு ஏறுகிறது. மழைக்குப் பிறகு முதல் கால்மணி நேரம் கலங்கலாக, சாக்கடை வாடையோடு வருகிறது, அப்புறம் தெளிந்துவிடுகிறது. டிடிஎஸ் மீட்டரில் (லிட்டருக்கு எத்தனை மி.கி. உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது) 340. "500க்குள்தானே இருக்கு, தாராளமா குடிக்கலாம்" என்று சங்கத்தில் பாதிப் பேர் சொல்கிறார்கள். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் 80 கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டாலும், ஓ.டி. சொட்டு (குளோரின் இருந்தால் மஞ்சளாகும் ஆர்த்தோடோலிடின் மருந்து) விட்டால் துளி மஞ்சள்கூட வருவதில்லை. எங்கிருந்து தொடங்குவது? பவுடரைக் கூட்டலாமா?

லேப்சொட்டு பதில்:

முதலில் அந்த மீட்டரை ஓரமாக வையுங்கள். அதற்குக் கரைந்த உப்பு மட்டும்தான் தெரியும், கிருமி தெரியாது. உங்கள் தண்ணீர் 340, கழிவுநீர் 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறில் ஐந்து பங்கு கழிவுநீர் கலந்தாலும் மீட்டர் 363தான் காட்டும். அதையும் "500க்குள்" என்றுதான் படிப்பீர்கள். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தில் டிடிஎஸ்ஸுக்கு 500 என்று இருப்பது உண்மை. அதே தரம்தான் 100 மி.லி. தண்ணீரில் ஒரு ஈ.கோலைகூட (மலக் கலப்பைக் காட்டும் கிருமி) இருக்கக்கூடாது, எஞ்சிய தனிக்குளோரின் (எதோடும் சேராமல் மிஞ்சி நிற்கும் குளோரின்) லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது.

நிறம் வராததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பவுடர் செத்துப்போயிருக்கும். புதிதில் 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும். மூட்டையைத் திறந்து மோட்டார் ரூமில் வைத்தால் மளமளவென்று இறங்கிவிடும். இல்லையென்றால் தண்ணீரில் இருக்கும் அழுக்கு குளோரினை அப்படியே தின்றுவிடுகிறது. எது என்று பிரித்துப் பார்ப்பது சுலபம்:

ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் 4 கிராம் பவுடரைக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை அரைமணி விடுங்கள். மேலே தெளிந்ததில் 10 மி.லி. எடுத்து 10 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால் இது லிட்டருக்கு 1 மி.கி. ஆகும், ஓ.டி. சொட்டு விட்டதும் நல்ல மஞ்சளாகும். ஆகவில்லை என்றால் பவுடரை மாற்றுங்கள். ஆகிறது என்றால் கோளாறு சம்ப்புத் தண்ணீரில்.

ஓ.டி. படிப்பதில் எல்லோரும் ஒரு தப்பு செய்கிறார்கள். சொட்டு விட்ட முதல் பத்து விநாடிக்குள் வரும் நிறம்தான் தனிக்குளோரின். ஐந்து நிமிடம் கழித்து மெதுவாக ஏறும் மஞ்சள், அம்மோனியாவோடு சேர்ந்த குளோரின். கிருமியைக் கொல்வதில் அது சோம்பேறி. சொட்டு விட்ட தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், அந்த ரசாயனம் நச்சு. வசதி இருந்தால், குளோரின் பார்க்கும் இன்னொரு முறையான டிபிடி மாத்திரை கிட்டுக்கு மாறிவிடலாம்.

குழாய்ப்பொறி பதில்:

முதல் கால்மணி மட்டும் நாறுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. தண்ணீர் நிற்கும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. யாராவது மோட்டாரையோ அடிபம்பையோ நேராக லைனில் மாட்டி உறிஞ்சினால் வெற்றிடமே உண்டாகும். அப்போது இற்றுப்போன ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் ஊசித்துளை வழியாக, வெளியே தேங்கி நிற்கும் சாக்கடை உள்ளே வரும். மழையில் மண் ஊறியிருந்தால் இன்னும் மோசம். மறுநாள் வால்வு திறந்ததும் அதெல்லாம் உங்கள் சம்ப்பில்தான் விழும்.

இடத்தைக் கண்டுபிடிக்க, தண்ணீர் வரும் நேரத்திலேயே உங்களுக்கு முன்னால் இரண்டு வீடு, பின்னால் இரண்டு வீடு, சம்ப்பில் விழும் இடத்தில் உங்களுடையது என்று ஐந்து பாட்டில் பிடித்து, அங்கேயே குளோரின் பாருங்கள். தண்ணீர் வரும் பக்கத்து வீடுகளில் லிட்டருக்கு 0.5 மி.கி. இருந்து, உங்களிலிருந்து அடுத்தடுத்த வீடுகளில் எல்லாம் பூஜ்யம் என்றால் மெயின் லைனில் உடைப்பு. புகாரில் எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் நடுவே என்று எழுதிக் கொடுங்கள், தோண்டுவது ஒரு நாளில் முடியும். உங்களுக்கு மட்டும் பூஜ்யம் என்றால் ஃபெரூலிலிருந்து (மெயின் லைனிலிருந்து உங்கள் இணைப்பு பிரியும் இடம்) சம்ப் வரை உள்ள உங்கள் குழாயில்தான் ஓட்டை. சந்தேகம் தீர, தண்ணீர் நின்ற சில மணி நேரம் கழித்து சம்ப் வாயில் யூனியனை (கழற்றி மாட்டும் குழாய் இணைப்பு) கழற்றிப் பாருங்கள். அப்போதும் கருப்பாகச் சொட்டிக்கொண்டே இருந்தால் வெளியிலிருந்து ஊறுகிறது. பேட்ச் போட்டு ஒப்பேற்றாதீர்கள். அந்தக் குழாயை அடியோடு எடுத்துவிட்டு நடுவில் இணைப்பே இல்லாத எச்டிபிஇ (கெட்டிப் பிளாஸ்டிக்) குழாயாகப் போடுங்கள், சாக்கடையைக் கடக்கும் இடத்தில் அதற்கு மேலாகவே போகட்டும்.

அதுவரைக்கும் ஒரு தற்காலிக ஏற்பாடு: சம்ப்புக்குள் நுழையும் முன் ஒரு டீ (T வடிவ, மூன்று வாய் இணைப்பு), இரண்டு பால் வால்வு (ball valve). நாறும் தண்ணீரை வெளியே விட்டு, வாடை போய் குளோரின் நிறம் வந்த பிறகு சம்ப் பக்கம் திருப்புங்கள். கடிகாரத்தை நம்பவேண்டாம், நிறத்தை நம்புங்கள்.

இன்னொன்று, சம்ப்பின் ஓவர்ஃப்ளோ குழாய் எங்கே போகிறது என்று இன்றைக்கே பாருங்கள். நேராகச் சாக்கடைச் சேம்பரில் செருகியிருந்தால் மழையில் அதுவே எதிர்த்து உள்ளே வரும். தெருவைத் தோண்ட வேண்டியே இருக்காது.

மூன்றாம்மாடி:

பவுடரைச் சோதித்தோம், நன்றாக மஞ்சளாகிறது. ஓவர்ஃப்ளோ தோட்டத்தில்தான் திறக்கிறது. குழாய் மாற்றும்வரை பவுடரை அரைக் கிலோவாக்கினால் சமாளிக்கலாமா?

லேப்சொட்டு:

வேண்டாம். கழிவுநீரில் அம்மோனியா இருக்கிறது. லிட்டருக்கு 1 மி.கி. அம்மோனியா நைட்ரஜனைத் தீர்க்கவே 8 முதல் 10 மி.கி. குளோரின் போய்விடும். 20,000 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 160 முதல் 200 கிராம் குளோரின், அதாவது 25 சதவீதப் பவுடரில் 640 முதல் 800 கிராம். அதற்குப் பிறகுதான் தனிக்குளோரின் மிஞ்சவே ஆரம்பிக்கும். அரைக் கிலோவில் நடுவழியில் நிற்பீர்கள்: மருந்து நெடி தூக்கலாக இருக்கும், கிருமி சாகாது. சம்ப்பைக் காலிசெய்து கழுவுவதுதான் வழி.

குழாய்ப்பொறி:

கழுவும்போது கவனிக்கவேண்டியது: மூடியைச் சில மணி நேரம் முன்பே திறந்து, ஃபேன் வைத்துக் காற்றை உள்ளே தள்ளுங்கள். உள்ளே இறங்குபவருக்கு இடுப்பில் கயிறு, மேலே விலகாமல் ஒருவர். மோட்டார் மெயினை அணைத்துவிடுங்கள். சேற்றை எடுத்துச் சுவரைத் தேய்த்தபின், 10 லிட்டர் வாளிக்கு 10 கிராம் பவுடர் கலந்து தெளிந்த நீரைச் சுவர், தூண், மூடியின் அடிப்பக்கம் எல்லாம் பிரஷ்ஷால் பூசி, மேலே ஏறி அரைமணி விடுங்கள். பிறகு கழுவி அந்தத் தண்ணீரை வெளியே இறைத்துவிடவேண்டும். சம்ப் முழுக்க நிரப்பிப் பவுடர் கொட்டுவது வீண்செலவு. கறை போக ஆசிட் ஊற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய சம்ப்பில் அது ஆளைக் கொன்றுவிடும். மாடித் தொட்டியையும் அன்றே கழுவுங்கள்.

கேன்தண்ணி பதில்:

குடிப்பதற்கு: தளதளவென்று கொதிக்க ஆரம்பித்தபின் ஒரு நிமிடம் போதும், கிருமிக்குச் சரி. ஆனால் போர்வெல்லும் கலக்கிறீர்கள் என்றால் நைட்ரேட், ஃப்ளோரைடு காய்ச்சுவதால் போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடவே செய்யும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி.க்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கலக்காதீர்கள். யுவி (புற ஊதா ஒளி) மட்டும் உள்ள மெஷின் கலங்கல் தண்ணீரில் ஏமாற்றும், அழுக்குத் துகளின் நிழலில் கிருமி தப்பிவிடும்.

கழுவி முடித்து இரண்டு முறை தண்ணீர் வந்தபின் கிருமிச் சோதனைக்கு அனுப்புங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் செய்கிறார்கள். பாட்டிலை அவர்களிடமே வாங்குங்கள். உள்ளே இருக்கும் தயோசல்ஃபேட் குளோரினை முறிப்பதற்கு, கழுவிக் கொட்டிவிடாதீர்கள். குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் 6 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். சனிக்கிழமை மாலை பிடித்துத் திங்கள் கொண்டுபோனால் அந்த முடிவு எதற்கும் உதவாது.