வெக்கை நாவலைப் படித்துவிட்டு, அதை வைத்து வெற்றிமாறன் எடுத்த அசுரன் படத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

கரிசல்பூனை:
பூமணியின் வெக்கையை இரண்டு தடவை படித்தவன் நான். படம் அதைக் கெடுத்துவிடுமோ என்ற பயத்திலேயே 2019-ல் அசுரனைத் தியேட்டரில் பார்க்காமல் தள்ளிப்போட்டு, போன வாரம்தான் வீட்டில் பார்த்தேன். மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாவலில் பதினைந்து வயதுச் சிதம்பரத்தோடு எட்டு நாள் காடு மேடெல்லாம் அலைந்துவிட்டு வந்தால், இங்கே பாதிப் படத்தில் அவனை இறக்கிவிட்டு அப்பன் கதைக்கு வண்டி மாறச் சொல்கிறார்கள். அப்பனாகத் தனுஷ் நடித்தால் அப்படித்தான், தெரியும். இருந்தாலும் படித்ததை ஓரம் வைத்துவிட்டுப் பார்ப்பது எப்படி?

ரெண்டாம்ஆட்டம்:
ஓரமெல்லாம் வைக்க முடியாது. வெக்கையில் சிதம்பரம் செய்யும் கொலை ஆரம்பத்திலேயே முடிந்துவிடும், அதுவும் கையை வெட்டப் போய் ஆளே செத்துப்போனது. அப்புறம் எங்கே படுப்பது, எதைத் தின்பது, தண்ணீருக்கு எங்கே போவது, இதுதான் நாவல். அப்பனும் மகனும் சும்மா பேசிக்கொண்டே நடப்பார்கள். படத்தில் அப்பன் வேல்கம்பைத் தூக்கியதும் தியேட்டரில் ஒரே விசில், நானும் அடித்தேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது.

மேலத்தெரு:
நான் படம் பார்த்துவிட்டுத்தான் நாவலுக்கே போனேன், எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. பூமணி சாதிப் பெயரைச் சொல்லாமலே எழுதிவிட்டார், அது அவர் பலம். வெற்றிமாறன் அதையே பஞ்சமி நிலம், அதாவது வெள்ளைக்காரன் காலத்தில் தலித் மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம், என்று உடைத்துச் சொல்கிறார். அப்பனின் இளவயது ஃப்ளாஷ்பேக் நாவலில் கிடையாதுதான். ஆனால் குடிசைகள் எரியும்போது 1968-ல் கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைக் குடிசையோடு எரித்த கீழ்வெண்மணியும் அங்கே செத்த 44 பேரும் ஞாபகம் வராமல் இருக்குமா? என் அப்பா கதைப் புத்தகம் தொடாதவர், படம் முடிந்து பஸ் ஸ்டாண்ட் வரை எங்கள் ஊர் நிலம் யார் யார் கைக்குப் போனது என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அதுவரை ஒன்றுமே தெரியாது.

கரிசல்பூனை:
உங்கள் அப்பா விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை, சரி. ஆனால் முடிவு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். படத்தில் கோர்ட்டில் சரணடையப் போகிற அப்பன் மகனை நிறுத்தி வைத்துப் படிப்பைப் பற்றி அவ்வளவு பேச வேண்டுமா? நாவலின் முடிவில் இரண்டு பேரும் நடப்பார்கள், நமக்குத்தான் வயிற்றைப் பிசையும்.

மேலத்தெரு:
அந்தப் பேச்சுக்குத்தான் அப்பா அழுதார்.