கதீட்டர் போட்ட 4-ஆம் நாளே கல்ச்சர் பாசிட்டிவ்: எங்கே தவறுகிறது?

வார்டு இன்சார்ஜ்:
30 படுக்கை மெடிக்கல் வார்டு. ஃபோலி கதீட்டர் (சிறுநீர்ப்பையிலேயே விட்டுவைத்து சிறுநீரை வடிக்கும் குழாய்) போட்ட பலருக்கு நாலாம் நாளே யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) பாசிட்டிவ். போடும்போது ஸ்டெரைல் முறை தவறுவதில்லை. சிறுநீர் சேரும் பேக்கை 3 நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறோம், கதீட்டர் நுழையும் இடத்தைத் தினமும் பெட்டாடின் வைத்துத் துடைக்கிறோம், சாம்பிளைப் பேக்கிலிருந்து பிடித்து லேபுக்கு அனுப்புகிறோம். வேறென்ன செய்யலாம்?

மைக்ரோ லேப்:
சிஸ்டர், கடைசியாகச் சொன்னதிலேயே பாதி பதில் இருக்கிறது. பேக்கில் மணிக்கணக்காகக் கிடந்த சிறுநீரில் கிருமி பெருகத்தான் செய்யும். அதை வைத்து பிளாடரில் (சிறுநீர்ப்பையில்) என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. டியூபில் சாம்பிள் எடுப்பதற்கென்றே உள்ள போர்ட்டுக்குக் கீழே 10-15 நிமிடம் கிளாம்ப் போட்டு அடையுங்கள். போர்ட்டை 70% ஆல்கஹாலால் அழுத்தித் தேய்த்து, காயவிட்டு, ஸ்டெரைல் சிரிஞ்சில் 5-10 மி.லி. எடுங்கள். எடுத்ததும் கிளாம்பைத் திறக்க மறக்கக் கூடாது. அடிக்கடி மறப்பது அதைத்தான். 2 மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். கதீட்டர் 2 வாரத்துக்கு மேல் ஆனதென்றால் புதிதாக மாற்றிய பிறகு எடுங்கள். கதீட்டர் நுனியை வெட்டி அனுப்புவது வீண் வேலை. காய்ச்சல், அடிவயிற்று வலி எதுவும் இல்லாதவருக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று கல்ச்சர் அனுப்பினால், தேவையில்லாத ஆன்டிபயாடிக்தான் மிச்சம்.

ஐசியூ ஸ்டாஃப்:
3 நாளைக்கொரு முறை பேக் மாற்றுவதை நிறுத்துங்க. ஒவ்வொரு தடவையும் இணைப்பைக் கழற்றும்போது மூடிய அமைப்பு திறந்துடுது. ஒழுகினால், அடைத்தால், இணைப்பு விட்டுப்போனால் மட்டும் மாற்றினா போதும். பெட்டாடினும் வேண்டாம், சோப்பும் தண்ணியும் போதும்.

அப்புறம் ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும்போது பாருங்க. ஸ்ட்ரெச்சரில் நோயாளி வயிற்று மேலயோ கால் நடுவிலயோ பேக் கிடக்கும். பிளாடரைவிட உயரத்துக்குப் போனதும் டியூபில் தேங்கினது திரும்ப உள்ளே ஓடும். கிளம்புமுன் காலி பண்ணி, ஸ்ட்ரெச்சர் பக்கவாட்டில் கீழே மாட்டணும். கட்டிலிலும் பேக் தரையைத் தொடக் கூடாது, டியூப் தொங்கி வளையக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிறைஞ்சதும் காலி பண்ணுங்க. வார்டு முழுக்க ஒரே ஜக்கைத் தூக்கிட்டுப் போறதுதான் கிருமிக்கு பஸ் சர்வீஸ். ஆளுக்கு ஒரு ஜக், ஆளுக்கு ஒரு கிளவுஸ், பேக்கின் வடிகுழாய் முனை ஜக்கில் படக் கூடாது. கதீட்டரைத் தொடையில் ஒட்டி வைங்க, இல்லேன்னா உள்ளும் வெளியும் இழுபட்டுப் புண்ணாகும்.

இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல்:
இதெல்லாம் சரி, எத்தனை பேருக்கு உண்மையிலேயே கதீட்டர் தேவை? படுக்கை நனைகிறது என்பது காரணமே இல்லை. காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு கட்டிலிலும் 'இன்றைக்கு எடுக்கலாமா?' என்று கேட்டு, பதிலை கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். கணக்கு: இன்ஃபெக்ஷன் எண்ணிக்கையை மொத்த கதீட்டர் நாட்களால் (ஒருவருக்கு ஒரு நாள் கதீட்டர் இருந்தால் ஒரு கதீட்டர் நாள்) வகுத்து 1000-ஆல் பெருக்க வேண்டும். 240 கதீட்டர் நாளில் 3 இன்ஃபெக்ஷன் என்றால் 12.5. ஒன்று கவனம்: தேவையில்லாதவற்றை எடுத்ததும் நாட்கள் குறையும், விகிதம் ஏறியதுபோலத் தெரியும். மொத்த எண்ணிக்கையையும் பக்கத்திலேயே போட்டுக் காட்டுங்கள்.

வார்டு இன்சார்ஜ்:
கழற்றிய பிறகு சிறுநீர் வராவிட்டால் உடனே திரும்பப் போட்டுவிடுகிறோம். அதுவும் தவறா?

இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல்:
ஆறு மணி நேரம் போகவில்லை என்றால் முதலில் பிளாடர் ஸ்கேன் எடுத்து எவ்வளவு சிறுநீர் தேங்கியிருக்கிறது என்று பாருங்கள். நிறைந்திருந்தால் குழாயை ஒருமுறை விட்டு வடித்து, உடனே எடுத்துவிட்டுக் காத்திருங்கள். மறுபடியும் தேங்கினால்தான் ஃபோலி.