ஸ்பிங்கோலிப்பிடு: ‘மூளைக்கொழுமியம்’ அன்று, ‘நெடுங்காரக் கொழுமியம்’

அனைவருக்கும் வணக்கம்.

செல் சவ்வுகளில் காணப்படும் ‘ஸ்பிங்கோலிப்பிடு’ (sphingolipid) என்ற கொழுமிய (lipid) வகைக்கு ஏற்ற தமிழ்ச்சொல் எது என்று இங்கே பேசி வருகிறோம். கோத்தகிரி அம்மையார் முன்வைத்த ‘மூளைக்கொழுமியம்’, கொடைக்கானல் ஐயா முன்வைத்த ‘புதிர்க்கொழுமியம்’ ஆகிய இரண்டும் நாவுக்கு எளியவைதாம். ஆயினும் இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

லண்டனில் மூளைத் திசுவைப் பகுத்து ஆராய்ந்த யோஹான் தூடிக்கும் (Thudichum) என்ற வேதியியலாளர், 1884இல் வெளியிட்ட நூலில் இக்கொழுமியங்களின் அடிப்படைச் சேர்மமான ஸ்பிங்கோசினுக்குப் பெயரிட்டபோது, அது தந்த புதிர்களை எண்ணிக் கிரேக்கக் கதையில் புதிர் போடும் ஸ்பிங்க்ஸை நினைவுகூர்ந்தார் என்பது உண்மையே. ஆனால் அதன் கட்டமைப்பு தெளிவாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இன்று பாடம் படிக்கும் மாணவர் ‘புதிர்’ என்ற சொல்லிலிருந்து அந்தப் பொருளைப் பற்றி எதையும் அறிய மாட்டார்.

‘மூளை’ இன்னும் சிக்கலானது. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையில் இக்கொழுமியங்கள் மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் தோலின் மேலடுக்கில் உள்ள கொழுமியங்களில் எடையளவில் ஏறத்தாழப் பாதி, இதே வகையைச் சேர்ந்த செராமைடுகளே. உதகையில் பனிக்காலத்து வறண்ட காற்றில் குதிகால் வெடிக்கும்போது ஈரத்தைத் தக்கவைக்கப் போராடுவது அந்த அடுக்குதான். தாவரங்களிலும் இவை உள்ளன. குளிருக்குப் பழக்கப்படுத்திய ரை (rye) என்ற தானியத்தின் நாற்றுகளின் செல் சவ்வில், இவ்வகைக் கொழுமியமான குளுக்கோசில்செராமைடின் பங்கு குறைவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். உறைபனியில் கருகிய தேயிலைக் கொழுந்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன் செல் சவ்வில் உள்ள ‘மூளைக்கொழுமியம்’ பற்றி விளக்கப் புகுந்தால், பின்வரிசை மாணவர்கள் சிரிப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆகவே, உறுப்பையும் கதையையும் விடுத்து, இவை அனைத்துக்கும் பொதுவான முதுகெலும்பைக் கொண்டு பெயரிடலாம் என்பது என் கருத்து. மற்றக் கொழுமியங்கள் பல கிளிசராலின் மேல் கட்டப்பட்டிருக்க, இவை நீண்ட கரிமத்தொடரும், காரத்தன்மை தரும் நைட்ரஜன் கொண்ட ஓர் அமைன் தொகுதியும் உடைய காரத்தின் மேல் கட்டப்பட்டவை. வேதியியலாரே அதை நெடுந்தொடர்க் காரம் என்றுதான் குறிக்கிறார்கள். அதைச் சுருக்கி ‘நெடுங்காரம்’ எனலாம். வகுப்பின் பெயர் ‘நெடுங்காரக் கொழுமியம்’ ஆகும். ஸ்பிங்கோசின் என்பது தனிச் சேர்மத்தின் பெயராதலால், குளுக்கோஸைப் போல அப்படியே இருக்கட்டும்.

சொல்லை வாக்கியத்தில் இட்டுப் பார்ப்போம்: “நெடுங்காரத் தொகுப்பின் முதற்படியில், 3 கரிம அணுக்கள் உள்ள செரினும் 16 கரிம அணுக்கள் உள்ள பால்மிட்டாயில் தொகுதியும் இணையும்போது ஒரு கரிம அணு கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுவதால், 18 கரிம அணுக்கள் கொண்ட தொடர் எஞ்சுகிறது.” எங்கும் இடறவில்லை. அடுத்து, “நெடுங்காரத்தின் அமைன் தொகுதியில் ஒரு கொழுப்பமிலம் அமைடுப் பிணைப்பால் சேர்ந்தால் செராமைடு, அதன் தலையில் பாஸ்போகோலின் சேர்ந்தால் ஸ்பிங்கோமயலின், ஒரு சர்க்கரை சேர்ந்தால் செரிப்ரோசைடு.” இதுவும் ஓடுகிறது.

இரண்டு மறுப்புகள் வரும். ‘காரம்’ என்றால் மிளகாய் நினைவுக்கு வரும் என்பது ஒன்று. பள்ளிப் பாடநூல்களில் அமிலத்தோடு இணைந்தே பழகிய சொல் என்பதால் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மற்றது கனமானது: செராமைடில் அந்த அமைன் அமைடாகிவிடுவதால் காரத்தன்மை போய்விடுகிறதே, பிறகு எப்படி அப்பெயர் பொருந்தும்? பெயர் குறிப்பது சேர்மத்தின் இயல்பை அன்று, அது எதிலிருந்து கட்டப்பட்டது என்பதை. கொழுப்பமிலங்கள் எஸ்டராகிவிட்ட பிறகும் ‘கொழுப்பமிலப் பகுதி’ என்றுதானே எழுதுகிறோம்?

எனக்கே நிறைவு தராத இடம் ஒன்று உண்டு. கௌச்சர், டே-சாக்ஸ், நீமன்-பிக் (A, B வகைகள்) முதலிய பரம்பரை நோய்களில், செல்லுக்குள் பொருள்களைச் சிதைக்கும் பையான லைசோசோமின் நொதி ஒன்று குறைவதால் இக்கொழுமியங்கள் சிதையாமல் தேங்குகின்றன. இந்த நோய்த்தொகுதியை ‘நெடுங்காரக் கொழுமியத் தேக்கநோய்கள்’ என்றால் நீளம் மிகுகிறது. ‘நெடுங்காரத் தேக்கநோய்’ என்று சுருக்கினால் பொருள் பிறழ்கிறது, ஏனெனில் இவற்றில் முதன்மையாகத் தேங்குவது வெறுங்காரம் அன்று, முழுக் கொழுமியமே. மருத்துவத் துறையில் இருக்கும் அன்பர்கள் இதற்குப் பொருள் கெடாத குறுஞ்சொல் ஒன்றை முன்மொழியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.