புதுப்பிப்பு: வியூவில் புது நெடுவரிசை தெரியாத விவகாரம்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் டேபிளில் ‘தள்ளுபடி’ நெடுவரிசை சேர்த்தும், அதன்மேல் எழுதிய வியூவில் (டேபிள் போலவே படிக்கக்கூடிய, சேமித்து வைத்த வினவல்) அது வரவில்லை என்று கேட்டிருந்தேன் அல்லவா, காரணம் பிடிபட்டது. ‘எல்லா நெடுவரிசையும்’ என்று பொருள்படும் ‘செலக்ட் *’ போட்டு வியூ எழுதினால், உருவாக்கும்போதே அந்த நட்சத்திரம் அன்றிருந்த நெடுவரிசைப் பெயர்களாக விரிந்து பதிவாகிவிடுகிறது. வியூவின் வரையறையை எடுத்துப் பார்த்தால் நட்சத்திரமே இருக்காது.

சரி, இருக்கிற வியூவையே மாற்றி எழுதும் ‘கிரியேட் ஆர் ரீப்ளேஸ் வியூ’ கட்டளையை ஓட்டலாம் என்றால், புதியதைக் கடைசியில்தான் சேர்க்க விடுகிறது. ஏற்கெனவே இருக்கும் ‘தொகை’ நெடுவரிசைக்கு முன்னால் நுழைத்தால், வியூ நெடுவரிசையின் பெயரை மாற்ற முடியாது என்று பிழை. எனக்கோ அது நடுவில்தான் வேண்டும், வீம்புதான்! அதனால் வியூவை ‘டிராப்’ செய்து, அதாவது நீக்கிவிட்டு, புதிதாக உருவாக்கினேன். அப்படிச் செய்தால் யார் வியூவைப் பயன்படுத்தலாம் என்று கொடுத்திருந்த பழைய ‘கிராண்ட்’ அனுமதிகளும் போய்விடும், மறுபடி கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ‘பிகின்’, ‘கமிட்’டுக்குள் வைத்துவிட்டேன், நடந்தால் எல்லாம் நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது. ‘டிராப்’போடு சேர்க்கும் ‘கேஸ்கேட்’ பக்கம் மட்டும் போகவில்லை, அது இந்த வியூவைச் சார்ந்திருக்கும் மற்ற வியூக்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும்.