ஊழியத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், இனி நான் எதற்கு?

கேள்வி:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஆறு வருஷமாக ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். போன மாதம் ஒருநாள் வழக்கம்போலப் போய் நின்றால், என் வகுப்பில் வேறொரு சகோதரி உட்கார்ந்து பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கையில் நான் அட்டை போட்டு, கோடு போட்டு, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் என் கையால் எழுதி வைத்த வருகை நோட்டு. முன்கூட்டி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதற்கு, புதியவர்களுக்கும் வாய்ப்புத் தரவேண்டாமா என்றார்கள், அவ்வளவுதான்.

சின்ன வயதிலிருந்தே வீட்டில் "நீ எதற்கும் லாயக்கில்லை" என்று கேட்டு வளர்ந்தவள் நான். அந்த வகுப்பில்தான் நானும் ஒரு ஆள் என்று முதல்முறையாகத் தோன்றியது. இப்போது ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்லும் முன்பே எழுந்து வந்துவிடுகிறேன். தேவன் உனக்குப் பெரிய திட்டம் வைத்திருக்கிறார் என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், அதைக் கேட்டாலே அழுகை வருகிறது. இதைத் தாண்டி வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1:
சகோதரி, அந்தப் பெரிய திட்டம் பேச்சை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். வேலை போய்விட்டதென்று அழுகிறவரிடம் இதைவிடப் பெரிய வேலை வரும் என்றால், வேலை இருந்தால்தான் உனக்கு மதிப்பு என்று சொன்னது மாதிரிதானே ஆகிறது?

லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் எழுபது பேர் ஊழியத்துக்குப் போய், பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகின்றன என்று சந்தோஷத்தோடு திரும்பி வருகிறார்கள். இயேசு அதற்காகச் சந்தோஷப்பட வேண்டாம், "உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காக" சந்தோஷப்படுங்கள் என்கிறார். உங்கள் நோட்டைப் பற்றிப் படித்ததும் எனக்கு இந்த வசனம்தான் ஞாபகம் வந்தது. நன்றாகப் பாடுகிற பிள்ளை, மனப்பாட வசனம் சொல்கிற பிள்ளை என்று பார்த்தா அதில் பெயர் எழுதினீர்கள்? வந்தது, எழுதிக்கொண்டீர்கள். இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று வானத்திலிருந்து சத்தம் வந்ததே, அப்போது அவர் ஊழியத்தையே இன்னும் தொடங்கவில்லை. அதை மட்டும் மெதுவாகத் திரும்பத் திரும்பப் படியுங்கள்.

பதில் 2:
நான் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தப்பட்டவன். இரண்டு வருஷம் கசப்போடுதான் சுற்றினேன், பாட்டு ஆரம்பித்தால் வெளியே போய் நின்றுகொள்வேன். எனக்குக் கைகொடுத்தது மாற்குவின் கதை. பவுல், பர்னபா என்ற இரண்டு ஊழியர்களோடு போன முதல் ஊழியப் பயணத்தில் பாதியில் விட்டுவிட்டுப் போனவன் என்று பவுல் அவரை மறுபடி கூட்டிப்போக மாட்டேன் என்கிறார், அப்போஸ்தலர் 15. அதில் பவுலும் பர்னபாவும் சண்டை போட்டுப் பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குப் போகிறார். ஆனால் பவுலே பிறகு சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். நடுவில் மாற்கு என்ன செய்தார் என்று வேதம் அதிகம் சொல்வதில்லை. ஒதுக்கப்பட்டவரை ஒருவர் கூடவே கூட்டிப்போனார் என்பது மட்டும் தெரிகிறது. எனக்கும் அப்படி ஒரு அண்ணன் இருந்தார், வாராவாரம் வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். உங்களுக்கும் ஒரு பர்னபாவைத் தேடுங்கள்.

பதில் 3:
மகளே, உனக்கு நடந்தது சரியில்லை. அதை முதலில் ஒத்துக்கொள். மன்னித்துவிடு, மறந்துவிடு என்று அவசரப்படுத்துகிறவர்களுக்காக நீ காயத்தை மூடிவைக்க வேண்டாம். 55-ஆம் சங்கீதத்தில் தாவீது, என்னை நிந்தித்தவன் சத்துருவாக இருந்தால் சகிப்பேன், ஆனால் நீ என் தோழன், நாம் சேர்ந்து தேவாலயத்துக்குப் போனவர்கள் என்று புலம்புகிறார். அதையே ஜெபமாகச் சொல். அப்புறம் போதகரைத் தனியாகப் பார்த்து, எடுத்தது பரவாயில்லை, சொல்லாமல் எடுத்ததுதான் வலிக்கிறது என்று நேராகச் சொல்லிவிடு. மறுபடி வகுப்பு கேட்கப் போகாதே, அதற்காக இல்லை.

கேட்டவர்:
மூன்று பேருக்கும் நன்றி. அம்மா, போதகரிடம் நேரம் கேட்டிருக்கிறேன், வியாழக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார். நேற்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது அந்த நோட்டில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபித்தேன், ஒரு மாதமாக விட்டிருந்தேன். இருபத்துமூன்று பெயரும் வரிசை மாறாமல் வந்தன. கடைசியில் என் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.