மனை வாங்கிவிட்டோம், கழிவுநீர் இணைப்புக்குத் தடை என்கிறார்கள் (பென்சில்வேனியா). விலக்கு கிடைக்குமா?

பிட்ஸ்பர்க் பாலா

வணக்கம். பிட்ஸ்பர்க்கிலிருந்து நாற்பது நிமிடத் தூரத்தில் கால் ஏக்கர் மனை வாங்கினோம். அதிலிருந்த பழைய வீட்டை முன்பு வைத்திருந்தவர் இடித்துவிட்டார். வாசலிலேயே மேன்ஹோல் மூடி தெரிந்ததால் சாக்கடை இணைப்பைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. பிளான் போட்டு டவுன்ஷிப் (உள்ளாட்சி) அலுவலகத்துக்குப் போனால், சுத்திகரிப்பு நிலையம் தாங்காது, புது இணைப்புகளுக்குத் தடை என்கிறார்கள். அடுத்த தெருவில் புதிதாக வரும் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு மட்டும் இணைப்பு உண்டாம். ஒரு பக்கம் வாடகை, இன்னொரு பக்கம் மனைக்கு வாங்கிய கடன். விலக்கு கேட்க வழி இருக்கிறதா? வழக்குப் போடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரவி_ஹாரிஸ்பர்க்

பாலா, செப்டிக் டேங்க் போட்டுக்கொள்ள முடியுமா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு டவுன்ஷிப் கூட்டத்துக்குப் போங்கள். கூட்டமாகப் போனால்தான் காது கொடுப்பார்கள்.

குழாய்வழி

தம்பி, இந்த மாநிலத்தில் கழிவுநீர் நிலையங்களில் 22 வருடம் வேலை பார்த்தவன் நான். கூட்டமாகப் போய்க் கேட்டால் திறக்கிற கதவு இல்லை இது. தடைக்கான விதி மாநிலச் சுற்றுச்சூழல் துறையுடையது, அத்தியாயம் 94 என்பார்கள். நிலையத்துக்கு வரும் தண்ணீரின் மாதச் சராசரி, கடந்த 12 மாதத்தில் தொடர்ந்து 3 மாதம் அதன் கொள்ளளவைத் தாண்டினால் அது 'மிகைச்சுமை'. அந்த நிலைக்கு வந்தபின் டவுன்ஷிப் தன் இஷ்டத்துக்கு இணைப்பு கொடுக்க முடியாது.

விலக்குக்கான வாசல்களும் அதே அத்தியாயத்தில் இருக்கின்றன. தடை வருவதற்கு முன்பே பில்டிங் பர்மிட் வாங்கியிருந்தால் ஒரு வழி. உங்களிடம் அது இல்லை. செப்டிக் டேங்க் பழுதாகிக் கழிவு வெளியே ஓடுகிறது, ஊரின் ஆரோக்கியத்துக்கு ஆபத்து என்றால் இன்னொரு வழி. மருத்துவமனை, பள்ளி, தீயணைப்பு நிலையம், முதியோர் பராமரிப்பு இல்லம் போன்ற பொதுத் தேவைக்கு ஒரு வழி. அடுத்த தெருக்காரருக்குக் கிடைத்தது அதுவாகத்தான் இருக்கும். அதில் ஓரவஞ்சனை எதுவும் இல்லை.

நான்காவது ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஏற்கெனவே இருந்த வெளியேற்றத்துக்குப் பதிலாக வருவது. பழைய கட்டடம் விட்ட அளவுக்கு மேல் புதுக் கட்டடம் விடாது என்று காட்ட வேண்டும். பழைய வீட்டை இடித்ததாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் பதிவில் எனக்கு அதுதான் முக்கியம். அந்த வீடு சாக்கடையில் இணைந்திருந்ததா? எப்போது இடித்தார்கள், தடைக்கு முன்பா பின்பா? தேதியைப் பொறுத்துத்தான் பேச்சே.

வழக்கு வேண்டாம். மேரிலாந்தில் 1970-இல் வாஷிங்டனைச் சுற்றியுள்ள இரண்டு கவுண்டிகளில் இதேபோல் இணைப்புத் தடை வந்தது. பில்டர்கள் வழக்குப் போட்டார்கள். 1975-இல் ஃபெடரல் நீதிமன்றம், அந்தத் தடை நியாயமானது என்றே தீர்ப்புச் சொன்னது. செப்டிக் டேங்க்கும் லேசில்லை. மண் பரிசோதனையில் தேற வேண்டும். களிமண்ணும் கால் ஏக்கரும் சேர்ந்தால் நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

கீழ்த்தெரு மீனா

பாலா அண்ணா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் நான் சரிவின் அடியில் குடியிருப்பவள். இரண்டு முறை பெருமழையில் பேஸ்மென்ட் தரைத்துவாரம் வழியாகக் கழிவுநீர் மேலே வந்தது. அம்மாவின் பட்டுப்புடவைகள் இருந்த டிரங்குப் பெட்டி, பிள்ளைகளின் கட்டில், எல்லாவற்றையும் தூக்கிப் போட்டோம். அந்த நாற்றம் போகவே வாரக்கணக்கில் ஆனது. மேட்டில் ஒரு வீடு இணைந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்கள் ஒரு தடவை எங்கள் படிக்கட்டில் இறங்கி வந்து பார்க்க வேண்டும். விலக்கு கொடுக்கும்போது எங்களையும் நினைத்துக் கொடுக்கட்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

குழாய்வழி

மீனாம்மா சொல்வதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உங்கள் வீட்டுக்குள் ஏறியதில் பெரும்பங்கு மழைநீராகத்தான் இருக்கும். மேற்குப் பென்சில்வேனியாவில் பழைய மண்குழாய்கள், மூட்டுக்கு மூட்டுக் கசிவு. போதாததற்குக் கூரைத் தண்ணீரையும், பேஸ்மென்ட்டில் ஊறும் தண்ணீரை இறைக்கும் சம்ப் பம்பையும் சாக்கடையில் விட்டிருக்கும் வீடுகள். கணக்குப் பாருங்கள், 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழை பெய்தால் 623 கேலன். தனி வீட்டுக்கு நாளைக்கு 400 கேலன் என்று எடுத்துக்கொள்வது இங்கே வழக்கம். ஒரு கூரைக் குழாய் ஒரே மழையில் ஒரு குடும்பத்தின் ஒருநாள் கழிவைவிட அதிகம் கொண்டுவருகிறது, அதுவும் சில மணி நேரத்தில். அந்த மழைநீரை வெளியே எடுக்கும் வேலை நடந்தால்தான் உங்கள் பேஸ்மென்ட்டும் காயும், பாலாவுக்கும் இடம் பிறக்கும். நிலையத்தைப் பெரிதாக்குவதைவிட இதுதான் முதலில் நடக்க வேண்டியது என்று என் மேலதிகாரிகளிடம் எத்தனையோ முறை மன்றாடியிருக்கிறேன்.

பிட்ஸ்பர்க் பாலா

ஐயா, மிக்க நன்றி. விற்றவர் கொடுத்த கோப்பைப் புரட்டினேன். பழைய வீட்டுக்குக் கழிவுநீர்க் கட்டண ரசீது மூன்று இருக்கிறது. இடித்தது தடைக்கு ஐந்து மாதம் கழித்து. பழைய வீட்டில் மூன்று படுக்கையறை. எங்கள் பிளானில் நான்கு இருந்தது, மனைவியிடம் பேசி மூன்றாகக் குறைத்துவிட்டோம். மீனா, கூரைத் தண்ணீர் முழுவதையும் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிடுகிறேன், இது வெறும் பேச்சு இல்லை. செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்குப் போகிறேன்.

குழாய்வழி

நல்லது தம்பி. ரசீதுகளோடு இடிப்பு பர்மிட்டின் நகலையும் எடுத்துப் போங்கள். அப்புறம், பழைய வீட்டிலிருந்து மேன்ஹோலுக்குப் போன குழாயின் வாயை இடித்தபோது அடைத்தார்களா என்று கேளுங்கள். திறந்தே கிடந்தால் ஒவ்வொரு மழைக்கும் உங்கள் மனையிலிருந்தே தண்ணீர் கீழ்த்தெருவுக்குப் போய்க்கொண்டிருக்கும். விலக்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதை இந்த வாரமே அடைத்துவிடுங்கள்.