சிம்ஸ் 4: பொருளைத் தரையிலிருந்து உயர்த்தி வைப்பது எப்படி?

மரஅலமாரி:

வணக்கம் நண்பர்களே. வீடு கட்டிக் குடும்பம் நடத்தும் கணினி ஆட்டமான சிம்ஸ் 4-இல் ஒரு வீட்டுக்குள் வாசிப்பறை கட்டிக்கொண்டிருக்கிறேன். சின்ன அறை, சுவர் நடுத்தர உயரம். ஒரு பக்கம் முழுக்கப் புத்தக அலமாரி, எதிரே பெரிய ஜன்னல், ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து படிக்க ஓர் இடம். மனதில் படம் தெளிவாக இருக்கிறது, திரையில்தான் வரமாட்டேன் என்கிறது.

அலமாரியின் உச்சியில் ஒரு பூந்தொட்டியும் ஒரு பெட்டியும் வைக்கப் பார்க்கிறேன். அங்கே ஒட்டவே இல்லை, வழுக்கித் தரைக்கு வந்துவிடுகிறது. மேசைமேல் இரண்டு புத்தக அடுக்குகளை நெருக்கி வைக்கப் பார்த்தால், மேசை தனக்குப் பிடித்த இடத்தில்தான் அவற்றை உட்கார வைக்கிறது. ஜன்னலோரம் இருக்கும் நாற்காலி அறையின் மற்ற தரையைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். சிம் (ஆட்டத்தில் வரும் மனிதர்) அதில் ஏறி உட்கார்ந்து படிக்கவும் வேண்டும். இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம்.

9, 0 கீகளை அழுத்தினால் உயரம் மாறும் என்று ஒரு பழைய வீடியோவில் சொன்னார்கள். அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. விண்டோஸ் கணினி, மோட் (ரசிகர்கள் செய்து தரும் கூடுதல் நிரல்) எதுவும் போடவில்லை. மோட் இல்லாமல் முடியுமா?

செங்கல்சூளை:

தாராளமாக முடியும் சகோ. முதலில் சீட், அதாவது ஆட்டத்தின் விதியைத் தளர்த்தும் கட்டளை, போட வேண்டும். கண்ட்ரோல், ஷிப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையின் மேல் மூலையில் ஒரு பெட்டி திறக்கும். அதில் ஆங்கில எழுத்தில் இரண்டு பி, ஒரு புள்ளி, இடைவெளி விடாமல் மூவ்ஆப்ஜெக்ட்ஸ், பிறகு ஓர் இடைவெளி விட்டு ஆன் என்று (bb.moveobjects on) தட்டி என்டர் கொடுங்கள். ஆட்டத்தை மூடித் திறந்தால் மறுபடி தட்ட வேண்டும்.

அப்புறம் கீ. வெறும் 9, 0 என்பது பழைய முறை. இப்போது கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு 9 அழுத்தினால் பொருள் ஏறும், கண்ட்ரோலும் 0-ம் இறக்கும். எழுத்துகளுக்கு மேலே இருக்கும் எண் வரிசையைப் பயன்படுத்துங்கள். பொருள் கையில் இருக்கும்போதே, அதாவது மவுஸோடு ஒட்டி நகரும்போதே அழுத்த வேண்டும். உயரம் சரியானதும் கிளிக் செய்து வைத்துவிடலாம்.

மொட்டைமாடி:

கீகள் அவ்வளவுதான். ஆனால் மரஅலமாரி, உங்கள் நாற்காலிக்கு அந்தக் கீகளைத் தொடாதீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் இந்த ஆட்டத்தில் குடும்பம் நடத்துவதைவிட வீடு கட்டுவதில்தான் நேரத்தைப் போடுகிறவள். உயரம் என்பது எனக்கு அலங்காரத்தின் பாதி. எல்லாப் பொருளும் தரையிலோ மேசையிலோ ஒரே மட்டத்தில் நின்றால் எவ்வளவு விலை உயர்ந்த சாமான் போட்டாலும் அறை காட்சிக்கூடம் மாதிரி இருக்கும். ஒரு தொட்டி மேலே ஏறி, ஒரு கூடை அலமாரியின் கீழே பாதி நுழைந்து நின்றால்தான் அங்கே ஆள் வசிக்கிறார்கள் என்று தோன்றும். அதனால் நீங்கள் கேட்டதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அலமாரியின் உச்சிக்குத் தொட்டியை ஏற்றும்போது தொட்டியை அலமாரிக்கு மேலேயே வைத்துக்கொண்டு உயர்த்த வேண்டாம். அலமாரியில் பொருள் ஒட்டும் இடங்கள் உள்ளே பல இருக்கும். மவுஸ் கொஞ்சம் நகர்ந்தாலும் தொட்டி ஏதாவது ஒரு தட்டுக்குத் தாவும். பக்கத்தில் காலியான தரைக்குக் கொண்டுபோங்கள். அங்கே கண்ட்ரோல், 9 என்று தட்டித் தட்டி, தொட்டியின் அடி அலமாரியின் உச்சிக்குச் சமமாக வரும்வரை ஏற்றுங்கள். பிறகு ஆல்ட் கீயைப் பிடித்தபடி பக்கவாட்டில் தள்ளி அலமாரியின் மேல் கொண்டுபோய் வையுங்கள். ஆல்ட் பிடித்தால் கட்டத்தில் ஒட்டாமல் நினைத்த இடத்துக்கு நகரும்.

சமமாக வந்ததா என்று மேலிருந்து பார்த்துத் தெரியாது. நாம் வழக்கமாகக் கட்டுவது சாய்வாக மேலிருந்து பார்க்கும் கோணத்தில். அந்தக் கோணத்தில் தொட்டி ஒரு படி அதிகம் ஏறியிருந்தாலும் உட்கார்ந்திருப்பது போலவே தெரியும். வைத்த பிறகு கேமராவைத் தரைமட்டத்துக்கு இறக்கி நேர் பக்கவாட்டில் பாருங்கள். தொட்டியின் அடிக்கும் மரப்பலகைக்கும் நடுவே பின்சுவரின் நிறம் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தால் மிதக்கிறது என்று அர்த்தம். ஒரு படி இறக்குங்கள். அடி பலகைக்குள் துளி புதைந்தால் கவலை இல்லை, கண்ணுக்குத் தெரியாது. மிதப்பது மட்டும் தெரியும். சந்தேகம் வந்தால் நான் எப்போதும் புதைப்பதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அளவையும் மாற்றப் போகிறீர்கள் என்றால் அதை முதலில் செய்துவிடுங்கள். ஷிப்டோடு ] பெரிதாக்கும், ஷிப்டோடு [ சிறிதாக்கும். அளவு முடிவான பிறகு உயரத்துக்குப் போனால் ஒரே வேலையை இரண்டு தடவை பார்க்க வேண்டியதில்லை. உங்கள் சுவர் நடுத்தர உயரம் என்பதால் செடியின் இலைநுனி கூரைக்குள் போகிறதா என்றும் பாருங்கள். கட்டும்போது கூரை கண்ணில் படாது, அறைக்குள் கேமராவைக் கொண்டுபோய் நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

மேசைமேல் புத்தக அடுக்குக்கும் இதே வழிதான். ஒரு அடுக்கை மேசையில் இயல்பாக ஒட்டவிடுங்கள், அது அளவுகோலாக இருக்கும். இன்னொன்றைத் தரையில் வைத்து அதே உயரத்துக்கு ஏற்றி, ஆல்ட் பிடித்து மேசைக்குள் நகர்த்துங்கள். இரண்டும் லேசாக உரசும்படி, ஒன்றை மட்டும் சற்றே திருப்பி வைத்தால் யாரோ படித்துவிட்டு வைத்தது போல இருக்கும். ஒன்று நினைவில் வையுங்கள்: இயல்பாக ஒட்டிய அடுக்கு மேசையோடு சேர்ந்து நகரும். நீங்கள் உயர்த்தி வைத்தது நகராது, மேசையை இழுத்தால் அந்தரத்தில் நின்றுவிடும். அதனால் மேசை, அலமாரி எல்லாம் எங்கே என்று முடிவான பிறகு உயர வேலையைத் தொடங்குங்கள்.

இனி நாற்காலி. பார்ப்பதற்கு மட்டும் இருக்கும் பொருளைத் தாராளமாகத் தூக்கலாம். சிம் பயன்படுத்த வேண்டிய பொருள் என்றால் தரையைத் தூக்க வேண்டும். நாற்காலியைக் கீயால் உயர்த்தினால் உங்களுக்கு அழகாகத் தெரியும், சிம்முக்கு அங்கே போக வழி இருக்காது. முன்பு பலர் இரண்டு கட்டில்களை ஒன்றின்மேல் ஒன்றாக இப்படித்தான் உயர்த்தி வைத்தார்கள். மேல் கட்டில் வெறும் காட்சிப்பொருளாக நின்றது. 2021 மார்ச்சில் அடுக்குக் கட்டில் ஆட்டத்துக்குள்ளேயே இலவசமாக வந்த பிறகுதான் அந்தப் பாடு தீர்ந்தது.

உங்களுக்குத் தேவை பிளாட்ஃபார்ம், அதாவது அறைக்குள் தரையையே உயர்த்தும் மேடை. 2020-இல் வந்த வசதி, அடிப்படை ஆட்டத்திலேயே இருக்கிறது, தனியாக எந்தப் பேக்கும் (காசுக்கு விற்கும் கூடுதல் தொகுப்பு) வாங்க வேண்டாம். ஜன்னலை ஒட்டி நாற்காலிக்கும் ஒரு சின்ன மேசைக்கும் போதுமான அளவுக்குப் பிளாட்ஃபார்ம் வரைந்து, தெரிந்தெடுத்து, உயரத்தைக் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஏறுவதற்குப் படி வையுங்கள். படி இல்லாத மேடையில் நாற்காலி போட்டால் மறுபடியும் அதே கதைதான். பிளாட்ஃபார்ம் உண்மையான தரை என்பதால் சிம் ஏறுவார், உட்காருவார், படிப்பார். மேடைக்குத் தனித் தரைவிரிப்பும் விளிம்புக்குத் தனி நிறமும் கொடுக்கலாம், வாசிப்பறைக்கு அது மிகவும் எடுப்பாக இருக்கும்.

பழையகீபோர்டு:

மொட்டைமாடி சொன்னதைப் படிக்கப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. 2004-இல் வந்த சிம்ஸ் 2 காலத்திலிருந்து ஆடுகிறேன். அதிலும் 2009-இல் வந்த சிம்ஸ் 3-இலும் மூவ்ஆப்ஜெக்ட்ஸ் சீட் உண்டு, ஆனால் அது ஒன்றின்மேல் ஒன்றை மோதவிட மட்டும்தான் உதவும், உயரத்தைத் தொடாது. அலமாரி உச்சியில் ஒரு ஜாடி வைக்க ரசிகர்கள் செய்து கொடுத்த ஓஎம்எஸ்பி என்ற கண்ணுக்குத் தெரியாத தட்டை இறக்கிப் போட்டு, அதன்மேல் ஜாடியை உட்கார வைப்போம். அந்தப் பொறுமையோடு கட்டிய வீடுகளை இன்றைக்கும் மதிக்கிறேன். இப்போது கீயிலேயே இருப்பதைப் புதிதாக வருகிறவர்கள் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

மரஅலமாரி:

எல்லோருக்கும் நன்றி! சீட் போட்டதும் தொட்டி ஏறிவிட்டது. பக்கவாட்டில் பார்க்கச் சொன்னீர்களே, அந்தக் கோடு தெரிந்தது, ஒரு படி இறக்கினேன், இப்போது அலமாரியிலேயே வளர்ந்த செடி போல இருக்கிறது. புத்தக அடுக்கும் சரி.

மேடைக்குப் படி வைத்து நாற்காலி போட்டேன். சிம் ஏறி உட்கார்ந்து புத்தகத்தை விரித்ததும் எனக்குக் கை தட்டத் தோன்றியது. ஆனால் புது அலமாரி ஒன்றிலிருந்து மட்டும் புத்தகம் எடுக்க மறுக்கிறார், தலைக்கு மேல் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார். அதன் முன்னால் தரையில் ஒரு கூடையை அலமாரியின் அடிக்குப் பாதி தள்ளி வைத்திருக்கிறேன். அதுதான் காரணமா?

இன்னொன்று, பெட்டிக்கு ஒரு படி ஏற்றினால் மிதக்கிறது, ஒரு படி இறக்கினால் ரொம்பப் புதைகிறது. நடுவில் நிறுத்த வழி உண்டா?

மொட்டைமாடி:

கூடையாகத்தான் இருக்கும். மூவ்ஆப்ஜெக்ட்ஸ் போட்டால் ஒன்றுக்குள் ஒன்றை வைக்க ஆட்டம் உங்களைத் தடுக்காது, ஆனால் சிம் நிற்க வேண்டிய இடம் அடைபட்டால் அவரைத் தடுக்கும். அலமாரிக்கு நேர் முன்னே ஒரு கட்டம் காலியாக இருக்கட்டும். கூடையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு லைவ் மோடில் (கட்டுவதை விட்டுச் சிம்மை நடமாடவிடும் நிலை) ஒருமுறை புத்தகம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். ஓர் அறையை முடித்ததும் அதிலிருக்கும் ஒவ்வொரு பொருளையும் சிம்மை வைத்துத் தொடவைத்துப் பார்ப்பது என் வழக்கம். முழு வீடும் முடிந்த பிறகு தேடினால் எந்தக் கூடை தடுக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பெட்டி விஷயத்தில், கீ ஏற்றும் படியின் அளவு மாறாது. பெட்டியின் அளவை ஷிப்ட் கீயால் மாற்றிப் பாருங்கள், அடி வேறு இடத்தில் வந்து விழலாம். இல்லையென்றால் முன்னால் சின்னதாக ஒரு பொருளை வைத்து அந்த இடத்தை மறையுங்கள். மேல்தட்டில் இருக்கும் பெட்டியின் அடியை யாரும் உற்றுப் பார்க்க முடியாது.

செங்கல்சூளை:

பிற்பாடு மோட் போட மனம் வந்தால் டூல் (T.O.O.L.) என்று ஒன்று இருக்கிறது. ஷிப்ட் பிடித்துப் பொருளைக் கிளிக் செய்தால் அதன் மெனு வரும். உயரத்தை எண்ணாகவே கொடுக்கலாம், அதனால் அந்த நடுப்படிச் சிக்கல் இருக்காது. மனையின் எல்லைக்கு வெளியேயும் பொருளை வைக்கலாம். கணினியில் மட்டும்தான், கன்சோலில் மோட் கிடையாது. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் ஆட்டம் ஸ்கிரிப்ட் மோட்களை அணைத்துவிடும். மோடின் புதுப் பதிப்பு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு செட்டிங்கில் போய் மறுபடி ஆன் செய்யுங்கள்.

மரஅலமாரி:

கூடையை நகர்த்தியதும் புத்தகம் எடுத்துவிட்டார். இந்த அறையைக் கேலரியில் (ஆடுகிறவர்கள் கட்டியதைப் பகிரும் இடம்) ஏற்ற ஆசை. உயர்த்தி வைத்ததெல்லாம் மற்றவர்கள் இறக்கும்போது அப்படியே இருக்குமா?

மொட்டைமாடி:

இருக்கும், இறக்குகிறவர் வைப்பதற்கு முன்பே சீட்டை ஆன் செய்திருந்தால். செய்யாமல் வைத்தால் ஒன்றோடு ஒன்று மோதும் பொருள்கள் காணாமல் போகும். அதனால் கேலரி விளக்கத்தின் முதல் வரியிலேயே மூவ்ஆப்ஜெக்ட்ஸ் தேவை என்று எழுதிவிடுங்கள். ஏற்றியதும் ஒரு காலி மனையில் நீங்களே இறக்கிப் பாருங்கள், தொட்டியும் பெட்டியும் அடுக்கும் வந்தால் எல்லாம் வந்த மாதிரி. ஏற்றிவிட்டு இங்கே சொல்லுங்கள், என் வீட்டின் மாடியில் ஓர் அறை காலியாகக் கிடக்கிறது, அங்கே வைக்கிறேன்.